லேலத்தில் ஆரும் கேட்காத ஆரஞ்சு

1

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை என்று தோன்றலாம். நீங்கள் எல்லாம் விவரமானவர்கள். இங்கிலாந்தில் கோவென்ட்ரியில், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு விளம்பிக்கொண்டு வருஷக்கணக்காகக் கிடக்கிற எனக்குத்தான் ஒன்றும் தெரியாமல் போயிற்று.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை, இந்த ஊர் வழக்கப்படி சும்மா ஓர் ஈரம். நான் சீனி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, பாலில்லாக் கட்டன் சாயாவோடு உட்கார்ந்திருந்தேன். பாறசாலைப் பக்கத்தில் எங்கள் சபையில் அன்று அறுப்புப் பண்டிகை. இப்போது எல்லாவற்றையும் நேரலையில் காட்டுகிறார்கள். பாட்டில் பாதி தமிழ், பாதி மலையாளம். எது வந்தாலும் நான் இங்கிருந்து உரக்கப் பாடுவேன். பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டியதும் உண்டு.

அறுப்புப் பண்டிகை என்றால் அவரவர் விளையில் விளைந்ததில் முதல் பலனை ஆலயத்துக்குக் கொண்டு வந்து வைப்பது. விளை என்று நாங்கள் சொல்வது வீட்டைச் சுற்றிய தோட்ட நிலத்தை. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் லேலம் விடுவார்கள். ஏலம் என்று எழுதுகிறார்கள், நாங்கள் சொல்வது லேலம்தான். அன்றைக்கு மட்டும் எங்கள் ஆட்களுக்குக் கையில் என்ன வருமோ தெரியாது. சந்தையில் பேரம் பேசி மீன்காரியை அழ வைக்கிறவன், ஒரு குலை வாழைக்காய்க்குத் துணிக்கடையில் கல்யாணப் புடவைக்குக் கொடுக்கிற காசைக் கேட்பான். ஒரு சக்கைக்கு, அதாவது பலாப்பழத்துக்கு, இரண்டு வீட்டுக்காரர்கள் முறைத்துக்கொண்டு நின்று விலையை ஏற்றியதை நானே பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு மரியாதை உண்டு. தான் கொண்டுவந்ததைத் தானே கேட்கக் கூடாது. உன் விளையின் பலன் இன்னொருவன் வீட்டுக்குப் போக வேண்டும், அதுதான் கணக்கு.

கமிட்டியில் லேலம் விளிக்கிற தங்கையன் அண்ணன் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். மரச்சீனிக் கிழங்கு போயிற்று, சேனை போயிற்று, கோழி ஒன்று கத்திக்கொண்டே போயிற்று. பிறகு ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தார். தட்டு நிறைய ஆரஞ்சு. நான் சாயாவைக் கீழே வைத்தேன். எங்கள் மரத்து ஆரஞ்சு. என் வீட்டுக்காரர் ஞானதாஸின் தம்பி வில்சன் முன்வரிசையில் வேட்டி உடுத்து உட்கார்ந்திருந்தான்.

"ஞானதாஸுக்க வெளையில வெளஞ்ச ஓறஞ்சாக்கும். ஆரு கேக்கியது?" என்றார் தங்கையன் அண்ணன்.

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

நேரலைதான் நின்றுவிட்டது என்று நினைத்துப் போனைத் தட்டினேன். இல்லை, மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். தங்கையன் அண்ணன் சிரிக்கப் பார்த்தார். "ஓறஞ்சு... ஆராவது ஒரு வெல சொல்லுங்க... ஒரு தரம்..." என்று இழுத்தார். "ரெண்டு தரம்" என்று அவர் சொல்லவே இல்லை. தட்டை மேசைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, ஒரு பூசணிக்காயைத் தூக்கினார். பூசணிக்காய்க்குச் சபை முழுக்க வாய் திறந்தது.

அடப் பாவிகளா, என்னைக் கட்டின மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லித் தூக்கிக் காட்டின தட்டை மேசைக்கடியில் தள்ளினீர்களே!

2

வில்சனை உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சாயங்காலம் அவனே கூப்பிட்டான். நல்லவன், வாயில்லாப் பூச்சி, ஆட்டோ ஓட்டுகிறான். அண்ணன் இறந்த பிறகும் விளையைப் பார்த்துக்கொள்வது அவனும் அவன் பெண்டாட்டி லதாவும்தான்.

"மைனி, கண்டிய இல்லியா?" என்றான். எங்கள் பக்கத்தில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"கண்டேன். என்னலே அது? நம்ம மேல என்ன கோவம் அவியளுக்கு?"

"கோவமொண்ணும் இல்ல மைனி."

"பின்ன?"

பின்னாலிருந்து லதாவின் குரல் கேட்டது: "சொல்லும், எத்தன நாளைக்கு மறைப்பீரு?"

பிறகுதான் வந்தது. "மைனி, அது அண்ணனுக்க தலமாட்டுல நிக்கிற மரமாக்கும். அதுல உள்ளத ஆரு தின்னுவா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மரத்தை நட்ட நாள் முதல் ஒரு தடவைகூட எனக்கு அது தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் விளையிலேயேதான் அடக்கம் செய்வோம். அப்பா, அம்மா, அண்ணன், தம்பி எல்லாரும் வீட்டுக்குப் பின்னாலேயே படுத்திருப்பார்கள். கல்லறை மேல் செம்பருத்தி வைப்பார்கள், இலை வண்ணமாக இருக்கிற செடிகள் வைப்பார்கள். தின்கிற பொருள் எதையும் வைக்க மாட்டார்கள். யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை, எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் குளிர் தேசத்தில் கிடந்து கிடந்து, எது கூடாது என்கிற அறிவு என் தலையிலிருந்து எங்கேயோ உதிர்ந்து போயிருக்கிறது.

"நான் மரம் வைக்கக் குழி தோண்டும்ப நீ பக்கத்துலதானே நிண்ண? அப்பவே சொல்லப்பிடாதா?"

"நீங்க அழுதிட்டே மண்ணு வெட்டிட்டு நிக்கிதிய. எந்த வாய வச்சுச் சொல்லியது?"

அவனே தொடர்ந்தான். பழம் பழுத்து விழுகிறது, அழுகுகிறது, வவ்வால் மட்டும் தின்கிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கம் வருவதே இல்லை. ஆலயத்தில் வைத்து ஜெபித்துவிட்டால் அது கர்த்தருடையதாகிவிடும், யாராவது ஒருத்தர் லேலத்தில் எடுத்துவிட்டால் விலக்கு நீங்கிவிடும் என்று அவனாக யோசித்துத்தான் தட்டை நிறைத்துக் கொண்டுபோயிருக்கிறான். பாவம், அவன் முகத்தில்தான் சபை கரி பூசியது.

"சொந்தக்காரு எல்லாம் ஒண்ணுபோல சொல்லுகாவ மைனி. ஆண்டு ஜெபத்துக்கு மின்ன முறிச்சிரலாமா?"

முறிப்பதென்றால் வெட்டுவது. ஆண்டு ஜெபம் என்பது இறந்த நாளில் வருஷாவருஷம் கல்லறையில் நடத்துகிற ஜெபம்.

"மரத்தத் தொட்டியோ, தெரியும்! நான் வாறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

3

இந்த ஆரஞ்சுப் பைத்தியம் என்னுடையது அல்ல, அவருடையது. ஞானதாஸ் இங்கே பஸ் ஓட்டினார். வந்த புதிதில் ஏதோ கடையில் ஆரஞ்சுத் தை, அதாவது கன்று, ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து தொட்டியில் வைத்தார். கோடைக்கு அது கொல்லைப்புறத்தில் நிற்கும். குளிர் தொடங்கினால் இரண்டு பேரும் பிடித்து வீட்டுக்குள் தூக்கி வர வேண்டும். மனிதர் தனக்கு ஸ்வெட்டர் போடுவதற்கு முன்னால் அதற்குப் போர்வை சுற்றுவார். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ காய்க்கும், கோலிக்காய் அளவு. வாயில் வைத்தால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய புளிப்பு. அதையும் அவர் சப்புக்கொட்டித் தின்பார்.

"தொட்டியில நிக்கியது மரமா? தரையில நிக்கணும். ஊருக்குப் போயி நம்ம வெளையில ஒண்ணு வைக்கணும் மேபல்" என்பார். மேபல் நான்.

எங்கள் மகள் ஷெரினுக்குச் சோறு ஊட்டுவதும் அவர்தான். சின்ன வயதில் ஊருக்குக் கூட்டிப்போனபோது அவள் லேலத்தைப் பார்த்துவிட்டாள். தங்கையன் அண்ணன் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று விளித்தது அவள் காதில் "தராம்" என்று விழுந்திருக்கிறது. மலையாளத்தில் தருகிறேன் என்று அர்த்தம். "அந்த அங்கிள் ஒண்ணு தராம், ரெண்டு தராம்னு சொல்லிட்டுத் தரவே இல்ல" என்று ஒரே அழுகை. அன்றிலிருந்து வீட்டில் அதுவே விளையாட்டு. சோற்றை உருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்பார் ஞானதாஸ். மூன்று சொல்வதற்குள் இவள் ஆவென்று வாயைத் திறந்துவிடுவாள். அந்தப் பிள்ளை வளர்ந்து இன்னொரு ஊரில் வேலைக்குப் போயிற்று. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும். போனில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கையால் வேறு யாருக்கோ செய்தி அனுப்பும். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, பெற்றவர்களுக்கு இப்போது எல்லா ஊரிலும் இதே பாடுதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் போய்விட்டார். காலையில் பஸ் ஓட்டப் போனார், பிறகு ஆஸ்பத்திரியிலிருந்துதான் எனக்குப் போன் வந்தது. என்னை விளையிலே கொண்டு வைக்க வேண்டும் என்று எப்போதும் சொல்லுவார். உயிரோடு இந்த நாட்டுக்குள் வருவதற்குக்கூட அவ்வளவு காகிதம் கேட்கவில்லை, உயிரில்லாமல் வெளியே போவதற்குக் கேட்டார்கள். ஒவ்வொரு மேசையிலும் "ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். கடைசியில் திருவனந்தபுரத்தில் இறங்கி, ஆம்புலன்ஸில் நெய்யாற்றின்கரை தாண்டும்போதுதான் ஐயோ வந்து சேர்ந்தோமே என்று நான் வாய்விட்டு அழுதேன். ஷெரின் அழவில்லை. கண்ணாடிப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்து வேலைக்குப் போன முதல் நாள் நடந்தது இது. எங்கள் சமையலறையில் என்னோடு நிற்கிற வெள்ளைக்காரி, நல்ல மனசுக்காரி, அவரை எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று கேட்டாள். விளை என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்ல? "இன் அவர் கார்டன்" என்றேன். அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மேலாளர் என்னைத் தனியாக அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, மேபல், உங்கள் கணவர் இப்போது சரியாக எங்கே இருக்கிறார் என்று கேட்டார். நான் கோவென்ட்ரியில் கொல்லைப்புறத்தைத் தோண்டிப் புதைத்துவிட்டேன் என்று அந்த மனுஷிக்குப் பயம்! நான் கண்ணீரும் சிரிப்புமாக இந்தியா, கேரளா, பாறசாலை என்று படம் வரைந்து காட்ட வேண்டியதாயிற்று. தோட்டத்தில் மனிதனை வைத்தோமே என்று இங்கே உள்ளவர்கள் அதிர்ந்தார்கள். மனிதன் மேல் மரத்தை வைத்தாயே என்று அங்கே உள்ளவர்கள் அதிர்ந்துபோய் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் தெரியாமல் உலாவியிருக்கிறேன்.

4

ஊரில் அவர் தலைமாட்டில் வைக்கத் தை வாங்கியது அதியன்னூர்ப் பக்கத்தில் ஒரு நர்சரியில். அடக்கம் முடிந்து நான் புறப்படுகிற நாளுக்கு முந்தின நாள். ஒட்டுத்தை, மூன்றாம் வருஷம் காய்க்கும் என்றார் கடைக்காரர். எங்கே வைப்பீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் வில்சன் வீடியோவில் மரத்தைக் காட்டுவான். முதலில் முழங்கால் உயரம், பிறகு இடுப்பளவு, பிறகு அவன் தலைக்கு மேலே. புழு வந்து இலையைத் தின்றபோது வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னேன். வெள்ளை வெள்ளையாகப் பூத்ததைப் பார்த்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். இப்போது யோசித்தால் தெரிகிறது. "இனிப்பா வில்சா?" என்று கேட்டால், "நல்ல காய்ப்பு மைனி" என்பான். "புளிப்பா?" என்றால், "கொள்ளாம் மைனி, கொம்பெல்லாம் தாழ்ந்து கெடக்கு" என்பான். ருசியைப் பற்றி ஒரு சொல் அவன் வாயிலிருந்து வந்ததில்லை. எனக்கும் உறைக்கவில்லை. அவ்வளவு மண்டு.

லேலம் நடந்த அன்று இரவே ஷெரினுக்குப் போன் செய்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள்! பெற்ற அப்பாவின் கல்லறை மரத்தைப் பற்றிச் சொல்லும்போது இந்தப் பெண் சிரிக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, வெயிட். அப்பா மேல வளர்ந்ததுனால யாரும் சாப்பிட மாட்டாங்களா?"

"ஆமா."

"பக்கத்துல ஒரு தென்னமரம் இருக்கே, அதுல தேங்கா?"

எங்கள் பக்கத்துப் பேச்சில் அது தெங்கு. கல்லறைக்குக் கை எட்டுகிற தூரத்தில் நிற்கிறது. அந்தத் தேங்காயில்தான் நாலு வருஷமாக லதா சம்மந்தி என்கிற துவையல் அரைக்கிறாள். எனக்கு இது தோன்றவே இல்லை.

"இந்தத் தடவ நானும் வரேன்" என்றாள் ஷெரின். அடக்கத்துக்குப் பிறகு அவள் ஊருக்கு வரவே இல்லை. நான் கூப்பிட்டபோதெல்லாம் லீவு இல்லை, வேலை இருக்கிறது என்றவள். இப்போது கூப்பிடாமலே வருகிறேன் என்றதும் எனக்கு இன்னொரு பயம். அங்கே வந்து எதையாவது பேசிவைக்கப் போகிறாள்.

5

ஆண்டு ஜெபத்துக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தோம். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் நான் பெட்டியை அப்படியே போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். மரம் நின்றது. வீடியோவில் பார்த்ததைவிடப் பெரியது, அடர்த்தி, பச்சைப்பசேல். பழம் முழுக்கப் பச்சை. நம்முடைய வெக்கையில் ஆரஞ்சு பழுத்தாலும் தோல் மஞ்சளாகாதாம், வில்சன் சொன்னான். கீழே விழுந்து கறுத்துக் கிடந்தவற்றை லதா பெருக்கி ஓரமாகக் குவித்திருந்தாள். அழுகின ஆரஞ்சு மணத்தை நீங்கள் மோந்திருக்கிறீர்களா? என் மாப்பிள்ளையின் தலைமாட்டில் அந்த மணம்.

கல்லறைச் சுவரில் ஒரு வெட்டுகத்தி சாத்தி வைத்திருந்தது. தீட்டி, பளபளவென்று.

"இது எதுக்கு?" என்றேன்.

வில்சன் தலையைச் சொறிந்தான். "நாளைக்கு அம்பூரியிலேர்ந்து லதாவுக்க ஆளுவ எல்லாம் வருவாவ. வந்தா கேப்பாவ. இண்ணைக்கு முறிச்சா..."

"அந்தத் தெங்க முறிப்பியா?"

"எது?"

"இன்னா நிக்குல்ல, அது. அதுக்க வேரு மட்டும் அண்ணனத் தொடாம சுத்திப் போவுதா? அதுல உள்ள தேங்கா ஆகும், இது ஆகாதா?"

வில்சன் தெங்கையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். உண்மையிலேயே யோசித்தான். பிறகு சொன்னான்: "மைனி, தெங்கு மொதல்லயே நிண்ணதாக்கும். அண்ணன் அதுக்குப் பக்கத்துல போய்ப் படுத்தது. இது அண்ணனுக்க மேல வந்ததில்லியா?"

இதற்கு எந்தக் கோர்ட்டில் போய் வாதாடுவது? லதா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் கெட்டவள் இல்லை. "அக்கா, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா பழம் விழும்ப ராத்திரி தொம் தொம்முண்ணு கேக்கும். எனக்கு அண்ணன் கூப்பிடுததுபோல இருக்கும். பொறுக்க முடியல்ல" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்குக் கோபம் போய், என்ன செய்வதென்று தெரியாத ஒரு தவிப்பு வந்தது. மரம் எனக்கு. தொம் தொம் அவளுக்கு. நான் கோவென்ட்ரியில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு, அவள் தூக்கத்தைக் கெடுத்து மரம் வளர்த்திருக்கிறேன்.

"நாளைக்கு ஜெபம் கழியட்டு. பெறவு முறி" என்று சொல்லிவிட்டேன். சொன்னது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஷெரின் கொஞ்சம் தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

6

மறுநாள் காலை பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலியுமாக ஆட்கள் கூடினார்கள். போதகர் கல்லறைப் பக்கமாக நின்று வேதம் வாசித்து ஜெபித்தார். தங்கையன் அண்ணனும் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பாட்டு முடிந்து, சாயாவும் நெய்யப்பமும் கொடுக்கத் தொடங்கினார்கள். நான் வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். என் காது மட்டும் வெட்டுகத்திப் பக்கம் இருந்தது.

அப்போது லதா அலறினாள். "அய்யோ மோளே! துப்பு! துப்பு மக்கா!"

திரும்பிப் பார்த்தேன். ஷெரின் மரத்தடியில், அப்பாவின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி உரித்த ஆரஞ்சு. கன்னம் உப்பியிருந்தது. மென்றுகொண்டிருந்தாள்.

சாயா விளம்பினவன் அப்படியே நின்றான். போதகர் நெய்யப்பத்தைக் கையில் பிடித்தபடி இருந்தார். சபை மேசைக்கடியில் தட்டைத் தள்ளியபோது வந்த அதிர்ச்சியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. இத்தனை நாள் ஊரைத் திட்டினவள் நான். ஆனால் அந்த நிமிஷம் என் தொண்டையிலும் வந்து நின்றது அதே சொல்தான், துப்பு. கேட்கிறீர்களா? மரத்தை வெட்டாதே என்று கடல் தாண்டி வந்தவள் நான்!

லதா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "மோளே, அது அப்பாவுக்க மேல வளந்ததாக்கும்! அப்பாவுக்கதில்லியா அது! தின்னப்பிடாது!"

ஷெரின் விழுங்கினாள். லதாவை நிதானமாகப் பார்த்தாள். அவளுடைய உடைந்த தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டாள்:

"அப்பாவோடதுன்னா... நாந்தானே சித்தி சாப்பிடணும்? வேற யார் சாப்பிடுவாங்க?"

லதாவின் கை தானாகத் தளர்ந்தது. ஷெரினுக்கு அடக்கத்தன்று வராத அழுகை இப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே இன்னொரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டாள். "ரொம்பப் புளிப்பு. வீட்ல உள்ள தொட்டி மரம் மாதிரியே" என்றாள். அவள் மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன.

வில்சன் வந்தான். வெட்டுகத்தியை எடுத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தால், மரத்திலிருந்து ஒரு பழத்தைப் பறித்து, உள்ளங்கையில் வைத்து அந்தக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தான். அவ்வளவு பெரிய கத்தியால் இவ்வளவு சின்னப் பழத்தை. ஒரு சுளையை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, "அண்ணனுக்க குணம்தான்" என்றான். யாரோ சிரித்தார்கள். தங்கையன் அண்ணன் எழுந்து வந்து கையை நீட்டினார். லதாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு சுளை வாங்கினாள். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மருந்து தின்கிற மாதிரி விழுங்கினாள். "இதுக்கு உப்பும் மொளவும் வேணும்" என்று உள்ளே போனாள்.

மிஞ்சியது நான்தான்.

ஷெரின் ஒரு சுளையை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் மக்கா, அம்மாவால் முடியாது. வாயால் சொல்லவில்லை, உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். லேலத்தன்று வாய் திறக்காத பெண்களின் முகம் எனக்கு அப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவர்களில் ஒருத்தியாகத்தான் நானும் நின்றேன். அந்தத் தட்டு என் முன்னால் வந்திருந்தால் நானும் சேலைத் தலைப்பைச் சரி செய்திருப்பேன்.

அவள் போகவில்லை. சுளையை என் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். முழங்கையில் சாறு ஒழுகியது.

"ஒரு தராம்" என்றாள்.

ஐயோ, அந்த உச்சரிப்பு இன்னும் மாறவில்லை.

"ரெண்டு தராம்."

அவள் அப்பா சொல்லுவது போலவே இழுத்தாள். மூன்றாவதைச் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சுளையை உள்ளே வைத்துவிட்டாள்.